கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடம்

மாட்டின் தோலினால் செய்த செருப்பு ஆண்டுக்கணக்கில் கல்லிலும் முள்ளிலும் நடந்தும் எளிதில் கிழிவதில்லை. தசையையும் எலும்பையும் பிணைக்கும் வெண்ணிற நாண், இழுக்க இழுக்க அறாது நிற்கிறது. எலும்பு உடலின் சுமை முழுவதையும் தாங்குகிறது. தோல், நாண், எலும்பு ஆகிய இம்மூன்றும் தோற்றத்தால் வேறுபட்டவை, தொழிலாலும் வேறுபட்டவை. ஆயினும் இம்மூன்றிற்கும் உறுதி தருவதில் பெரும்பங்கு கொண்ட பொருள் ஒன்றே. அப்பொருளின் பெயர் கொலாஜன். அது புரத வகையைச் சேர்ந்தது. மனித உடலிலுள்ள புரதங்கள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜனாகவே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத அணுக்களால் ஆன இப்பொருள் இத்துணை வலிமை பெற்றது எங்ஙனம்? அதன் அணுக்கள் எம்முறையில் அடுக்கப்பட்டுள்ளன? 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இவ்வினா அறிவியல் உலகின் பெரிய வினாக்களுள் ஒன்றாக விளங்கியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்ற ஆய்வாளர் பலர் இதற்கு விடை காண முயன்றனர். ஆனால், விடைக்குரிய வழியை முதன்முதல் திறந்து காட்டியது, சென்னைக் கிண்டியில் அப்போதுதான் தொடங்கப்பெற்றிருந்த ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையாகும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அத்துறைக்கு 1952ஆம் ஆண்டில் தலைவராக வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. 1922ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் பிறந்த அவர், கணிதப் பேராசிரியராக இருந்த தந்தையாரிடமே கணித ஆர்வத்தைப் பெற்றார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பயின்றபின், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமன் அவரது ஆற்றலைக் கண்டு, அவரை இயற்பியலுக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்சு சென்று 1949ஆம் ஆண்டில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பினார். சென்னையில் புதிய துறையை அமைக்க விரும்பிய துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியாருக்கு, அப்பொறுப்பிற்கு உரியவர் இவரே என்று இராமன் எடுத்துரைத்தார். இளைஞர் ஒருவரிடம் ஒரு துறை முழுவதும் ஒப்படைக்கப்பட்டது.

புதிதாகத் தொடங்கும் துறை எல்லாவற்றையும் ஆராய்தல் இயலாது. எவ்வினாவைக் கேட்பது, அதற்கு எக்கருவியை நாடுவது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். இராமச்சந்திரன் தெரிந்துகொண்ட துறை படிகவியல். திண்பொருள்களுள் அணுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கை ஆராய்வது அது. அதற்கு உதவும் கருவி எக்ஸ் கதிர்.

அணுவைக் காண்பதற்கு நாம் காணும் ஒளி ஏன் உதவவில்லை? ஒளி அலைவடிவாகச் செல்வது. அளக்கப்படும் பொருளினும் அளக்கும் கோல் பெரிதாயின் அளவை நிகழாது. நெல் அளக்கும் மரக்காலைக் கொண்டு குன்றிமணி அளவு பொன்னை அளக்க முடியுமா? ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஆங்ஸ்ட்ராம் எனப்படும். ஒளியலையின் நீளம் ஏறக்குறைய 4000 முதல் 7000 ஆங்ஸ்ட்ராம் வரையுள்ளது. ஆனால் ஓர் உப்புப் படிகத்தில் அடுத்தடுத்துள்ள அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு 2.8 ஆங்ஸ்ட்ராமே. 1895ஆம் ஆண்டில் இராண்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்களின் அலைநீளமோ இத்தொலைவை ஒத்தது. செம்பிலிருந்து பெறப்படும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். ஆகவே, படிகத்தின் வழியே செல்லும் எக்ஸ் கதிர்கள் அதன் அணு வரிசைகளால் சிதறி, சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். பிற திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இவ்வுண்மையை 1912ஆம் ஆண்டில் லாவே என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் கண்டனர். மறு ஆண்டிலேயே பிராக் என்னும் தந்தையும் மகனும் அதனைப் பயன்படுத்திப் படிகங்களின் உள்ளமைப்பை வெளிப்படுத்தினர்.

இத்தகைய ஆய்வுக்கூடத்தின் நடுநாயகமாக விளங்குவது எக்ஸ் கதிர்க் குழாய். காற்று நீக்கப்பட்ட அக்குழாயினுள் காய்ச்சப்பட்ட கம்பியிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படும். பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் அவற்றைப் பெருவேகத்தோடு ஒரு செம்புத் தகட்டின்மீது மோதச் செய்யும். மோதலின் ஆற்றலில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே எக்ஸ் கதிராகும். எஞ்சியது வெப்பமாக மாறும். அவ்வெப்பத்தால் செம்பு உருகிவிடாதபடி அதன் பின்புறத்தில் குளிர்ந்த நீர் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். கதிர் ஆய்வாளரின் உடலில் படாதவாறு ஈயத் தகடுகள் தடுத்து நிற்கும். குழாயிலிருந்து நூல்போல் வெளிவரும் கதிரின் பாதையில் படிகத்தையோ நாரையோ நிறுத்தி, அதனைச் சூழ ஒளிப்படச் சுருளை வைப்பர். அக்காலத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல மணி நேரம் ஆகும். பின்னர் இருட்டறையில் அச்சுருளைக் கழுவினால், கரிய புள்ளிகளும் கோடுகளும் தோன்றும்.

அப்படத்தில் அணுக்களின் உருவம் தெரியும் என்று எண்ணுவது தவறு. எக்ஸ் கதிர்களைக் குவித்து உருவம் காட்டும் ஆடி அந்நாளில் இல்லை. புள்ளி இருக்குமிடம் அணு வரிசைகளின் இடைவெளியைக் கூறும்; அதன் கருமை, சிதறிய கதிரின் வலிமையைக் கூறும். ஆனால், ஒவ்வோர் அலையும் எந்நிலையில் புறப்பட்டு வந்தது என்னும் செய்தி படத்தில் பதியாமலே மறைந்துவிடும். பாட்டில் வரும் சொற்களை எல்லாம் எழுதிக் கொடுத்து, அவற்றின் வரிசையை மட்டும் அழித்துவிட்டாற்போன்ற நிலை இது. மறைந்த செய்தியை அறிவால் மீட்டல் வேண்டும். படிகவியலாரின் அரும்பணி இருட்டறையில் முடிவதில்லை. அங்கிருந்து வெளிவந்த பின்னரே தொடங்குகிறது.

இதனால் கிண்டித் துறையின் ஆய்வு மூன்று கிளைகளாக வளர்ந்தது. சிறிய மூலக்கூறுகளைக் கொண்ட படிகங்களின் அமைப்பைக் காண்பது ஒன்று. மறைந்த செய்தியை மீட்டற்குரிய கணித முறைகளை வகுப்பது மற்றொன்று. சில அணுக்கள் எக்ஸ் கதிரை வழக்கத்திற்கு மாறாகச் சிதறும் இயல்பைக் கொண்டு அச்செய்தியை மீட்கும் வழியொன்றை 1956ஆம் ஆண்டில் இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய எஸ். இராமனும் வெளியிட்டனர். உயிர்ப்பொருள்களின் அமைப்பை ஆராய்வது மூன்றாவது கிளை. இம்மூன்றும் தனித்தனியே நின்றவை அல்ல. சிறு படிகங்களில் அளந்த அளவுகளே பெரிய உயிர்ப்பொருளை அறியும் உரைகல்லாயின என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

துறை தொடங்கிய காலத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜனுக்கு நிறைவான அமைப்பு ஒன்றும் இதுவரை காணப்படவில்லை என்று அவர் உரையாடலிடையே குறிப்பிட்டார். அச்சொல் இராமச்சந்திரனின் உள்ளத்தில் தைத்தது. ஆய்வுக்குத் தூய கொலாஜன் வேண்டும். அதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. அண்மையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் அன்றோ! அந்நிலையத்திலிருந்து கிடைத்த கங்காருவின் வால் நாண் நல்ல எக்ஸ் கதிர்ப் படத்தைத் தந்தது. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அப்படத்தை வைத்துக்கொண்டு சிந்திக்கலாயினர்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்பது வேதியியலார் அறிந்திருந்த உண்மை. கிளைசின் அமினோ அமிலங்கள் யாவற்றினும் சிறியது. அதன் பக்கக் கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. இவ்வுண்மையைப் பலரும் அறிந்திருந்தனர். ஆனால், அதன் பொருள் யாது என்று வினவியவர் சிலரே. மூன்றில் ஒன்று கிளைசின் எனில், சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அது நிற்கலாம் அன்றோ? சங்கிலி திருகுபோல் சுற்றிச் செல்லும்போது, ஒரு சுற்றுக்கு மூன்று அமிலங்கள் எனக் கொண்டால், கிளைசின்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். அத்தகைய மூன்று சங்கிலிகளை அருகருகே நிறுத்தி, கிளைசின் நிற்கும் பக்கங்களை உள்நோக்கித் திருப்பினால், மூன்றும் நெருங்கிப் பொருந்தும். நடுவே உள்ள குறுகிய இடத்தில் வேறு எந்த அமிலத்திற்கும் இடமில்லை; மிகச் சிறியதாகிய கிளைசினுக்கு மட்டுமே இடமுண்டு. உருண்டைகளும் கோல்களும் கொண்டு கட்டிய உருவமாதிரி இக்கருத்து பொருந்துவதைக் காட்டிற்று. 1954ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘நேச்சர்’ என்னும் ஆங்கில அறிவியல் இதழில் இம்முச்சங்கிலி அமைப்பு வெளிவந்தது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. எக்ஸ் கதிர்ப் படத்தை நுணுகி நோக்கியபோது, ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று அமிலங்கள் இல்லை. மூன்று சுற்றுக்குப் பத்து அமிலங்கள் என்பதே பொருத்தமாகத் தோன்றியது. அவ்வாறாயின் கிளைசின் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக விலகி, விரைவில் வெளிப்பக்கம் போய்விடுமே! இவ்விடரைத் தீர்க்க வானிலிருந்து ஓர் உவமை கிடைத்தது. திங்கள் பூமியைச் சுற்றி வருகிறது. அதே காலத்தில் தன்னைத்தானும் ஒரு முறை சுற்றிக்கொள்கிறது. அதனால் அதன் ஒரே முகம் எப்போதும் பூமியை நோக்கியே இருக்கிறது. அதுபோலவே, தம்மளவில் திருகிச் செல்லும் மூன்று சங்கிலிகளும் பொதுவான ஓர் அச்சையும் மெல்லச் சுற்றிச் சென்றால், கிளைசின் என்றும் உட்பக்கமே நோக்கி நிற்கும் அன்றோ? தென்னை நாரில் கயிறு திரிப்போர் இதனை நன்கறிவர். அவர்கள் முதலில் ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்குவர். பின்னர்ப் புரிகளை ஒன்றாக்கி எதிர்த்திசையில் முறுக்குவர். அம்முறுக்கே கயிற்றைப் பிரியாமல் காக்கிறது. கொலாஜனிலும் தனிச் சங்கிலிகள் இடப்புறமாகத் திரும்ப, மூன்றும் சேர்ந்த முறுக்கு வலப்புறமாகச் செல்கிறது. உடலின் உறுதிக்குக் காரணம் முப்புரிக் கயிறு ஒன்று என்பது 1955ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

இவ்வெற்றியின் பின்னே கடுமையான மறுப்பு ஒன்று வந்தது. கேம்பிரிட்சில் டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டவர்களுள் ஒருவராகிய பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் முப்புரி அமைப்பை ஏற்றுக்கொண்டனர். ஆனால், சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மூன்று அமிலங்களுக்கு இரண்டு எனச் சென்னை மாதிரி கொண்டிருந்தது. ஒன்றுதான் இருக்க இயலும் என்பது அவர்கள் கூற்று. உலகப்புகழ் பெற்ற ஆய்வாளர் குறை கூறும்போது புதிய துறையைச் சேர்ந்த இளைஞர்கள் மனம் தளர்ந்திருக்கலாம். அல்லது தம் கொள்கையே சரியென்று வாதாடி நின்றிருக்கலாம். இராமச்சந்திரன் இரண்டும் செய்யவில்லை. ‘அளவுக்கு மீறிய நெருக்கம் என்கிறார்களே, அந்த அளவுதான் யாது?’ என்னும் வினாவை அவர் எழுப்பினார்.

அவ்வினாவிற்கு விடை சிறிய படிகங்களில் இருந்தது. அதுவரை உலகெங்கும் அளந்து வெளியிடப்பட்டிருந்த படிக அமைப்புகளைத் துறையினர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தனர். பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கி நிற்கின்றன என்று பட்டியலிட்டனர். வழக்கமாகக் காணப்படும் எல்லை ஒன்றும், அரிதாகவேனும் காணப்படும் கடைசி எல்லை ஒன்றுமாக இரண்டு அளவுகள் கிடைத்தன. இரு கார்பன் அணுக்களுக்கு அவ்வெல்லைகள் 3.2, 3.0 ஆங்ஸ்ட்ராம், இரு ஹைட்ரஜன் அணுக்களுக்கு 2.0, 1.9 ஆங்ஸ்ட்ராம். கொலாஜனுக்காகத் தேடிய அளவுகோல் இப்போது எல்லாப் புரதங்களுக்கும் உரிய அளவுகோலாகிவிட்டது.

புரதச் சங்கிலியை விறைப்பான பனையோலை நறுக்குகளின் தொடராகக் கருதலாம். அடுத்தடுத்த இரண்டு நறுக்குகள் மூலையில் ஓர் ஆணியால் கோக்கப்பட்டாற்போல் ஒரு கார்பன் அணுவில் இணைகின்றன. ஒவ்வொரு நறுக்கும் தட்டையானது, வளையாது. ஆனால் அவ்விணைப்பில் இரண்டு திருப்பங்கள் உண்டு. இவ்விரு கோணங்களுக்கு பை, சை என்னும் கிரேக்க எழுத்துகளின் பெயர்கள் வழங்குகின்றன. இவ்விரண்டும் தெரிந்தால் சங்கிலி அவ்விடத்தில் எவ்வாறு மடங்கியுள்ளது என்பது தெரிந்துவிடும். எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாமல் நிற்கும், எவற்றில் மோதும்? இராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களாகிய சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் இதனைக் கணக்கிடப் புகுந்தனர். ஒவ்வொரு கோணத்தையும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்களுக்கிடையேயுள்ள தொலைவுகளைக் கணக்கிட்டனர். இன்று கணிப்பொறி ஒரு நொடியில் செய்து முடிக்கும் அக்கணக்கை அவர்கள் மேசைக் கணக்குப்பொறியின் துணையோடு நாள்தோறும் முயன்று செய்தனர்.

கிடைத்த விடைகளை ஒரு சதுரத் தாளில் குறித்தனர். கிடைக்கோட்டில் ஒரு கோணமும் செங்குத்துக் கோட்டில் மற்றொரு கோணமும் அமைந்தன. கடல் சூழ்ந்த தீவுகள் போல, அணுக்கள் மோதாத சில திட்டுகள் மட்டும் தாளில் தோன்றின. தாளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, சங்கிலி புக முடியாத கடலாகவே நின்றது. அதுவரை அறியப்பட்டிருந்த திருகு வடிவமும், மடிப்பு வடிவமும், கொலாஜனின் வடிவமும் அத்தீவுகளின் உள்ளேயே விழுந்தன. 1963ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அப்படம் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என உலகெங்கும் வழங்கலாயிற்று. அதே ஆண்டிலும் 1967ஆம் ஆண்டிலும் இத்துறை நடத்திய பன்னாட்டுக் கருத்தரங்குகளுக்குப் பல நாட்டு அறிஞர்கள் சென்னைக்கு வந்தனர்.

கொலாஜன் பற்றிய வழக்கு என்னாயிற்று? கொலாஜனை ஒத்த சிறு சங்கிலி ஒன்றின் படிகத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1994ஆம் ஆண்டில் அதன் அமைப்பை அணு அணுவாக வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு என்னும் சென்னைக் கருத்து உறுதிப்பட்டது. மூன்று அமிலங்களுக்கு நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்னும் மறுப்பாளர் கூற்றும் உறுதிப்பட்டது. நீர் மூலக்கூறுகள் இடையே புகுந்து வேறு பிணைப்புகளை உண்டாக்கி, அவ்வமைப்பிற்கு வலுவூட்டுவதும் தெரிந்தது. அறிவியலில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதே வழக்கம் என்று கருதுதல் வேண்டா. இருவர் கூற்றிலும் இருந்த உண்மை இறுதியில் ஒன்றுசேர்ந்தது.

இவ்வாராய்ச்சியால் பயன் யாது என வினவலாம். கயிற்றின் நடுவே உள்ள கிளைசின் ஒன்றே ஒன்று மாறி, அவ்விடத்தில் வேறொரு பெரிய அமிலம் புகுந்தாலும் முறுக்கு அங்கே கெடும். எலும்பு எளிதில் முறியும் ஒரு பிறவி நோய்க்குப் பெரும்பாலும் இம்மாற்றமே காரணம் என்று மருத்துவர் கண்டுள்ளனர். சிறு தடுமாற்றத்திலும் கை கால் எலும்பு முறிந்து துன்புறும் குழந்தையின் நோய்க்கு, ஒரு சிறிய அமிலம் தன் இடத்தை இழந்தமையே காரணம் என்பதை முப்புரி அமைப்பு விளக்குகிறது. இன்று உலகில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்ப்பொருள் அமைப்புகள் பொதுக் களஞ்சியத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. புதிய புரதம் ஒன்றின் அமைப்பைக் கண்டறிந்தோர், அதன் கோணங்களை இராமச்சந்திரன் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்ப்பது வழக்கம். பல கோணங்கள் கடலில் விழுந்தால், எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்று உணர்ந்து மீண்டும் ஆராய்வர்.

இராமச்சந்திரன் பின்னர்ப் பெங்களூருக்குச் சென்று அங்கும் உயிர் இயற்பியலுக்கு ஒரு துறை கண்டார். 2001ஆம் ஆண்டில் சென்னையில் மறைந்தார். அவர் கிண்டியில் விதைத்த படிகவியலும் உயிர் இயற்பியலும் அங்கே தொடர்ந்து தழைத்தன.

ஓர் ஆய்வுக்கூடத்தின் சிறப்பு அதன் கருவிகளின் விலையால் அளக்கப்படுவதன்று. கிண்டியில் இருந்த எக்ஸ் கதிர்க் குழாயினும் பெரியவை பிற நாடுகளில் இருந்தன. ஆனால், பலரும் அறிந்திருந்த ஓர் உண்மையின் பொருள் யாது என்று அங்கே வினவினர். தம் முடிவில் குறை கூறப்பட்டபோது, அக்குறையை மறைக்காமல் அளந்து பார்த்தனர். அவ்வாறு அளந்ததால் கிடைத்த ஒரு சதுரத் தாள், இன்று உலகின் எம்மூலையிலுள்ள ஆய்வுக்கூடத்திலும் பிறர் பிழையைத் திருத்திக்கொண்டிருக்கிறது.